முதலில் பள்ளி, பிறகு அருவி

1

இந்தக் குறிப்பை எழுத வைத்தது ஒரு கேக். இங்கே கோவென்ட்ரியில், ஒரு சிறப்புப் பள்ளியில் நான் வகுப்பறை உதவியாளராகச் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்காகப் போன வாரம் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். தலைமை ஆசிரியை காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பற்றிப் பேசினார். "ஷான் வந்த புதிதில் எவ்வளவு பேசுவார், நினைவிருக்கிறதா? இப்போது எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் பாருங்கள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் விசில்கூட அடித்தார்.

ஷான் என்பது நான்தான். தென்காசியில் சண்முகம். வாயை வைத்தே பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டதற்குக் கேக் வெட்டுகிறார்கள் என்று ஊரில் சொன்னால், எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டதாக நினைத்து விபூதி அனுப்பிவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை. இப்போது மொத்தமாக உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். ஊரில் என்னை "லண்டன்ல வாத்தியாரு" என்கிறார்கள். கோவென்ட்ரி லண்டன் இல்லை. நான் வாத்தியாரும் இல்லை. என் மனைவி வேணி நர்ஸ். அவளுக்கு விசா கிடைத்தது. பின்சீட்டில் ஏறிக்கொண்டு நானும் வந்தேன். இதைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். விட்ட இடத்தில் அது தானாக வளர்ந்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இப்போது நான் பிரின்சிபாலாம்.

2

இங்கே வருவதற்கு முன் நான் மெடிக்கல் ரெப். தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று வெயிலில் டை கட்டிக்கொண்டு பைக்கில் அலைந்தவன். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் டாக்டரிடம் ஒரு மருந்தின் மொத்தப் பெருமையையும் ஒப்பிக்க வேண்டும். கையில் விஷுவல் எய்ட் என்று ஒரு பளபளப்பான படப் புத்தகம் இருக்கும். படத்தைக் காட்டிக்கொண்டே பேச வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பக்கவிளைவுகள் இருக்கும். அந்தப் பக்கம் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுவதுதான் தொழில் சூட்சுமம். டாக்டரே கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்து, வேறு பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

இங்கே வேலைக்கான நேர்காணலில், "காட்சித் துணைகளை வைத்து வேலை செய்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். "நிறைய" என்றேன். அது பொய்யும் இல்லை.

வகுப்புக்குள் போனபிறகுதான் தெரிந்தது, இது வேறு கடை. அங்கே எட்டுப் பிள்ளைகள். சிலருக்குப் பேச்சு இல்லை. சிலருக்குப் பேச்சு உண்டு, ஆனால் நாம் சொல்வது முழுதாகப் போய்ச் சேராது. வாயால் சொன்ன சொல் சொன்ன மறுநொடி காணாமல் போய்விடுகிறது. படம் அங்கேயே இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் அன்றைய நாள் முழுவதும் சுவரில் படமாக ஒட்டியிருக்கும். முடிந்த வேலையின் படத்தைப் பிய்த்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கையில் ஒரு பலகை இருக்கும். அதில் இரண்டே கட்டம்: முதலில், பிறகு. முதலில் கணக்கு, பிறகு ஊஞ்சல். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாத பயத்தில்தான் பாதி அடியும் கடியும் நடக்கிறது. தெரிந்துவிட்டால் பிள்ளை அடங்கிவிடும். படத்தைக் காட்டு, வாயை மூடு. இதுதான் பாடம்.

எனக்கு முதல் பாதி வந்தது. இரண்டாவது பாதிக்கு வருடங்கள் ஆயின.

இன்னொரு விதியும் உண்டு. எதைச் செய்யக் கூடாது என்று சொல்லாதே, எதைச் செய்ய வேண்டும் என்று காட்டு. நான் வளர்ந்ததோ முழுக்க "ஓடாதல, தொடாதல, கத்தாதல" என்ற ஊரில். அந்தப் பழக்கத்தில் நான் செய்த முதல் அட்டையில், ஒரு பையன் ஓடுகிற படத்தை வரைந்து மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் காட்டினேன். அவன் அதை உற்றுப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தின் கடைசிவரை ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். "படத்தில் இருந்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்" என்றார் எங்கள் ஆசிரியை. பெருக்கல் குறி பெரியவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைக்குத் தெரிவது ஓடுகிற பையன். மறுநாள் நடக்கிற பையனை வரைந்தேன்.

இந்த நாட்டின் படிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மழைநாளில் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் குதிக்கக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். அதற்கு ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டுமாம். தண்ணீரின் ஆழம் என்ன என்று கேட்டிருந்தது. குற்றாலத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? "செருப்பு மூழ்காது" என்று எழுதினேன். சென்டிமீட்டரில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இன்னொரு கேள்வி: போகும்போது தண்ணீர் வற்றியிருந்தால் மாற்று ஏற்பாடு என்ன? இதை வீட்டில் வேணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தண்ணீர் இல்லையென்றால் திரும்பி வரப்போகிறோம், இதற்கொரு கட்டமா?

அந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

செண்பகம் என் தங்கை. தென்காசியில் இருக்கிறாள். பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். அவள் கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம். ஒரே பெண் கோமதி. போன வருடம் அவளுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை. தென்காசியிலேயே இரண்டு அறைகளில் நடக்கிற ஒரு சிறு சிறப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஜூலையில் செண்பகம் போன் செய்தாள்.

"ஏண்ணே, அங்கன உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் என்னவோ படம் காட்டுதேன்னு சொல்லுதியே, நம்ம கோமதிக்கு வந்து காட்டக் கூடாதா?"

"என்னட்டி ஆச்சு?"

"ஆட்டோவ விட்டு எறங்க மாட்டேங்கா. இழுத்தா ரோட்டுல படுத்துக்கிடுதா. நேத்து டீச்சர் கையக் கடிச்சிட்டா. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், பொறவு வீட்டுலயே வச்சிக்கோங்கன்னு சொல்லிட்டாவ. வீட்டுல வச்சிக்கிட்டா நான் எப்பிடி வேலைக்குப் போவேன்? அவள ஒரு நாலு பிள்ளையோட இருக்க வைக்க எனக்கு வேற எங்க இடம் இருக்கு?"

அவள் அழுதாள். செண்பகம் லேசில் அழுகிறவள் இல்லை.

வருடா வருடம் நான் எல்லோரிடமும் "அடுத்த சீசனுக்கு வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனது என்னவோ கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். அருவியில் தண்ணீர் இல்லாத மாதமாகப் பார்த்துத்தான் அதுவும் அமையும். இந்த முறை பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே கிளம்பிவிட்டேன். வேணிக்கு டூட்டி. மகள் தாரணிக்குப் பதினாலு வயது. தோழியின் பிறந்தநாளை விட்டுவிட்டுத் தென்காசிக்கு எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் பாதியிலேயே காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். "குட் லிசனிங்" என்றேன், வகுப்புப் பழக்கத்தில். "நான் ஒண்ணும் உங்க கிளாஸ் இல்லப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னாள்.

4

பெட்டியில் துணிமணியைவிட அட்டைகள்தான் அதிகம் இருந்தன. பள்ளியில் அச்சடித்து, லேமினேட் செய்து, பின்னால் ஒட்டிப் பிய்க்கிற வெல்க்ரோ நாடா வைத்த அட்டைகள். கோமதியின் வகுப்பில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஜெபா டீச்சர் என்ற இளம்பெண்ணும் ஒரு ஆயாவும் பார்த்துக்கொள்கிறார்கள். போய் இறங்கிய மறுநாளே சுவர் முழுக்க ஒட்டினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு என் படத்தில் இருந்தது சாண்ட்விச். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தான். அவனுக்கு அது டஸ்டர். பஸ் என்று நான் ஒட்டியது சிவப்பு மாடி பஸ். கழிப்பறைப் படத்தில் இருந்தது வெஸ்டர்ன் டாய்லெட். ஆயா அதை நாற்காலி என்று நினைத்து, "உக்காரச் சொல்லுதியளா சார்?" என்று கேட்டார். ஒன்பது வருட அனுபவம் ஒரு மதியத்தில் சுவரிலிருந்து இறங்கியது.

ஜெபா டீச்சர் சிரிக்கவில்லை. "நம்ம ஊருல உள்ளதையே போட்டோ எடுத்துரலாமே சார்" என்றார். பிள்ளைகள் வகுப்பில் படம் எடுக்க அனுமதிப் படிவம் எங்கே என்று நான் கேட்டேன். "எடுங்க சார், எதுக்கு ஃபாரம்?" என்றார். அப்படியும் பிள்ளைகள் யாரும் படத்தில் விழாமல், பொருட்களை மட்டும் எடுத்தேன். தூக்குச்சட்டி, தண்ணீர்க் குடம், மஞ்சள் ஆட்டோ, வகுப்பின் இரும்புக் கேட்டு, கழிப்பறையின் பச்சைக் கதவு. எல்லாவற்றையும் பெரிய கோயில் பக்கம் ஒரு கடையில் அச்சடித்தேன். கடைக்காரர் பச்சைக் கதவை லேமினேஷன் மெஷினில் நுழைக்கும்போது, "இது எந்தக் கோயில் வாசலு அண்ணாச்சி?" என்றார். சொன்னேன். அவர் அந்த அட்டையை விரல் நுனியால் எடுத்து நீட்டினார்.

இனி கோமதி. அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். குழாயடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். குற்றால சீசன் வேறு, ஐந்தருவியில் தண்ணீர் அருமையாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தையும் அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் செண்பகம் அவளைக் கூட்டிப்போனாள். நான் துண்டோடு வெளியே நின்றேன். தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு அவள் சத்தம்போட்டுச் சிரிப்பது அருவிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. ஒரு படம் எடுத்தேன், அருவியை மட்டும்.

திங்கட்கிழமை ஆட்டோவில் பலகையைக் காட்டினேன். முதலில்: இரும்புக் கேட்டு. பிறகு: அருவி. வாயைத் திறக்கவில்லை. கோமதி கேட்டைப் பார்த்தாள், அருவியைப் பார்த்தாள், மறுபடி கேட்டைப் பார்த்தாள். இறங்கினாள். நடந்தாள். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். நான் செண்பகத்துக்குப் போன் செய்தேன். அவள் பாவூர்சத்திரம் போகிற பஸ்ஸில் இருந்தாள். பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி அழுதாள்.

அன்று மாலை அருவி. மறுநாளும் பள்ளி, பிறகு அருவி. சில நாட்களிலேயே, படத்தைக் காட்டியதும் கோமதி கதவுக் கொண்டியில் தொங்கும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கடிப்பது இல்லை, ரோட்டில் படுப்பது இல்லை. மாசக் கடைசியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஜெபா டீச்சர் கேட்டுக்கொண்டதால் அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலருக்கு ஒரு மதியம் வகுப்பு எடுத்தேன். டை கட்டிக்கொண்டு போனேன். குறைவாகப் பேச வேண்டும் என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினேன்.

முடிவில் ஜெபா டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "சார், தண்ணி கூடிப்போயி அருவியில குளிக்க விடலன்னா என்ன செய்வீங்க?"

நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அடுத்த படத்துக்குப் போனேன்.

5

இங்கே எங்கள் வகுப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு அட்டை உண்டு. அதில் வளைந்து திரும்பும் ஒரு அம்புக்குறி இருக்கும். அதற்குப் பெயர் மாற்றம். நினைத்தது நடக்காது, வேறொன்று நடக்கும் என்று பொருள். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் பழக்குவார்கள், அதுவும் நல்ல நாளில், நல்ல மாற்றத்தை வைத்து: பிஸ்கட் என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு அட்டையைக் காட்டி ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். பழகியபிறகு கெட்ட நாளையும் அந்த அட்டை தாங்கும்.

பெட்டி கட்டும்போது நான் அதை வேண்டுமென்றே எடுத்து வெளியே வைத்தேன். ஊரில் போய்க் காட்டுகிறோம், முதலிலேயே 'நடக்காது' என்று ஒரு அட்டையை எதற்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பக்கவிளைவுப் பக்கத்தை மூடியே பழகிய கை.

ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்தே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மதியம் தென்காசியில் தூறல்தான், மலையில் கொட்டியிருக்கிறது. கோமதி பள்ளி முடித்து வந்து துண்டும் எண்ணெயுமாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி கூடியிருக்கும்ணே" என்றாள் செண்பகம். "போய்ப் பாப்போம், விட்டாலும் விடுவாவ" என்றேன். இதுவும் ரெப் புத்திதான். டாக்டர் ஊரில் இல்லை என்று தெரிந்தாலும் கிளினிக் வாசல்வரை போவோம்.

ஐந்தருவி செந்நிறமாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்து கிளையும் ஒன்றாகிவிட்டது. கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. "அண்ணாச்சி, இங்கன நிக்காதிய, குளிக்கத் தடை போட்டாச்சு" என்றார் ஒரு கான்ஸ்டபிள். கோமதி கயிற்றுக்கு அடியில் குனிந்தாள். அவர் தடுத்தார். அவள் கீழே படுத்தாள்.

சீசன் கூட்டம். சிப்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே ஈரத்தில் படுத்துக்கொண்டு ஒரு பிள்ளை தலையைத் தரையில் முட்டுகிறது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ரெண்டு போடுங்க, சரியாயிரும்" என்றார் ஒருவர். "பயந்திருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார் இன்னொருவர். ஒரு பையன் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தான். நான் கோமதியின் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.

ஒன்பது வருடம் அடக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் வந்தது. கோமதி கண்ணு, தண்ணி ரொம்பக் கூடிட்டு பாத்துக்க, மலையில மழை, போலீஸ் மாமா விட மாட்டாவ, அவுகளுக்கு மேல கலெக்டர் சொல்லியிருக்காவ, நாளைக்கு வருவோம், நாளைக்கு இல்லன்னா நாளான்னிக்கு, மாமா மேல சத்தியம், எழுந்திரு தங்கம், பரோட்டா வாங்கித் தாரேன். மழையையும் கலெக்டரையும் பரோட்டாவையும் சேர்த்து, பேச்சில்லாத பிள்ளையிடம் அருவி இரைச்சலில் கத்திக்கொண்டிருந்தேன். நடுவில் "குட் வெயிட்டிங்" என்றுகூடச் சொன்னேன். சொற்கள் ஒவ்வொன்றும் அவள்மேல் கல்லாக விழுந்ததுபோல, அவள் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் அலறினாள்.

"அண்ணே" என்றாள் செண்பகம். "நீதான சொன்ன, அவ அழும்போது பேசக் கூடாதுன்னு. கொஞ்சம் வாய மூடேன்."

மூடினேன்.

அவள் சொன்னதால் மட்டுமில்லை. கோமதிக்கு நான் இதுவரை காட்டியது படம் இல்லை, வாக்கு. அந்த வாக்கை அவள் நம்பி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மழையை என் சட்டைப் பையில் வைத்திருப்பதாக நினைத்து நான் அந்த வாக்கைக் கொடுத்திருக்கிறேன். தேங்கிய தண்ணீர் வற்றினால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் படிவம் கேட்டபோது சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் நனையாமல் அட்டைகளைப் போட்டுவந்த பையில் ஒரு பழைய அட்டை இருந்தது, சாண்ட்விச். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஒரு குழாய், ஒரு வாளி, வாளிக்குள் ஒரு பிள்ளை. வாளி பார்க்கக் கத்தரிக்காய்போல இருந்தது. அதை அவளுக்குத் தெரிகிற உயரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கூட்டம் கலைந்தது. பேச்சு நின்றுவிட்டால் வேடிக்கைக்கு என்ன இருக்கிறது? கான்ஸ்டபிள் அந்த வீடியோப் பையனை விரட்டினார். வெகுநேரம் கழித்துக் கோமதி கண்ணைத் திறந்து கத்தரிக்காயைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பலகையை எடுத்தாள். 'பிறகு' என்ற கட்டத்திலிருந்து அருவிப் படத்தைக் கர்ரென்று பிய்த்து என் மடியில் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவள் என்மீது சாயவே இல்லை.

6

மறுநாள் அவள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

நான் ஜெபா டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஆரஞ்சு அட்டையைக் கொண்டுவராமல் விட்டதையும் சொன்னேன். அவர் "நான் கேட்டேனே சார்" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் அலமாரியிலிருந்து ஆரஞ்சுக் காகிதமும் கத்தரிக்கோலும் எடுத்து மேசையில் வைத்தார்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை எங்கள் கையில் இருப்பதை மட்டுமே காட்டினோம். முதலில் இரும்புக் கேட்டு, பிறகு வகுப்புக் குடத்துத் தண்ணீரில் ஒரு செம்பு கையில் ஊற்றுவது. வீட்டில் மாற்றம் பழக்கினோம்: குழாய் என்று காட்டி, ஆரஞ்சு அட்டையைக் காட்டி, தோட்டத்து ஹோஸில் தண்ணீர் பீய்ச்சினோம். முதல் நாள் ஆரஞ்சு அட்டையைக் கடித்தாள். பல் பதிந்த அந்த அட்டையையே தொடர்ந்து பயன்படுத்தினோம். மாசக் கடைசி வந்தது. வகுப்பை நடத்துகிறவர் ஜெபா டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். இந்தப் பிள்ளையை அனுப்பினால் தானும் போவதாக டீச்சர் சொன்னதாக ஆயா சொன்னார். டீச்சர் என்னிடம் சொன்னது, "இன்னும் ஒரு மாசம் பாப்போம்னு சொல்லிட்டாவ சார்" என்பது மட்டும்தான்.

கோமதி மெதுவாக இறங்க ஆரம்பித்தாள். சில நாள் இறங்குவாள், சில நாள் இல்லை. இறங்குகிற நாளிலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், பலகையை மட்டும்தான் பார்ப்பாள். அதுவே எனக்குச் சரியாகப் பட்டது.

நான் கிளம்புகிற நாள் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம்.

"அவ ஸ்கூலுக்குப் போன பொறவு கெளம்பிருண்ணே" என்றாள் செண்பகம். "பாத்தா அழுவா. அவுக அப்பாவும் லீவு முடிஞ்சா அவ தூங்கும்போதுதான் கெளம்புவாவ."

நம் எல்லோர் வீட்டிலும் இதுதானே வழக்கம். பிள்ளை அழுமே என்று கண்ணில் படாமல் நழுவுவது. யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். 'போயிட்டு வாரேன்' என்போம். தூங்கி எழுந்த பிள்ளைக்கு ஆள் இல்லை. எப்போது வருவார் என்ற படமும் இல்லை. பள்ளிக்கு என்று கூட்டிப்போய் இறக்கிவிட்டால், திரும்பி வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் அவள் ஏன் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சரியா என்று தெரியாது. செண்பகத்திடம் சொன்னேன். அன்று மாலை கணவருக்குப் போன் செய்து, அடுத்த லீவில் பகலில் கிளம்பச் சொன்னாள்.

கோமதியை என் முன்னால் உட்காரவைத்தேன். பலகையில் 'முதலில்' என்ற கட்டத்தில் விமானத்தின் படத்தை ஒட்டினேன். பக்கத்தில் என் முகம். 'பிறகு' என்ற கட்டத்தில் ஒட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லோரிடமும் "அடுத்த சீசனுக்கு வாரேன்" என்று எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் அதை ஒட்டக் கை வரவில்லை. வெற்றுக் கட்டத்தைத்தான் காட்டினேன்.

அவள் விமானத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்ததையும், எதிரில் இருந்ததையும். எழுந்து போனாள். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அன்று என் மடியில் எறிந்த அருவிப் படத்தைத் தேடியெடுத்து வந்து, வெற்றுக் கட்டத்தில் அழுத்தி ஒட்டினாள். பிறகு அதையே பிய்த்து என் சட்டைப் பையில் வைத்தாள். அழவில்லை. அழுதது நான்தான்.

7

அந்த அருவிப் படம் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. வேணி ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் அது கொஞ்சம் சரியும். நான் நேராக்குவேன். அவ்வளவுதான் செய்தேன், ஒரு வருடம்.

கேக் வெட்டிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை செண்பகம் வீடியோவில் வந்தாள். கோமதி இப்போது பெரும்பாலான நாட்கள் தானாகவே பள்ளிக்குள் போகிறாளாம். சாரல் ஆரம்பித்துவிட்டதாம். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கோமதி வந்து பலகையைக் கேமரா முன்னால் நீட்டினாள். 'பிறகு' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை விரலால் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். லீவு கிடைக்க வேண்டும், டிக்கெட் விலை ஏறிவிட்டது, பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேணிக்கு டூட்டி...

"அண்ணே" என்றாள் செண்பகம். "யார்ட்ட பேசுத?"

ஃப்ரிட்ஜிலிருந்து அருவிப் படத்தை எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தேன். உன் படம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். கோமதி பார்த்தாள். திரையிலிருந்து மறைந்தாள். திரும்பி வந்தபோது தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கையில் எண்ணெய்ப் பாட்டில். போனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பத்து வருட அனுபவம். அன்றைக்கும் அதே தப்பு: கையில் இல்லாததைப் படமாகக் காட்டியது.

செண்பகத்திடம் அந்தப் பல் பதிந்த ஆரஞ்சு அட்டையை எடுக்கச் சொன்னேன். அவள் அதைக் காட்டி, பலகையில் 'முதலில்' என்ற கட்டத்தில் விமானத்தை ஒட்டினாள். கோமதி கொஞ்ச நேரம் பார்த்தாள். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை லீவுப் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "அருவி" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நான் விளக்கம் சொல்லவில்லை. அவர் மேசைமேல் ஒரு பலகையை வைத்தேன்: முதலில் விமானம், பிறகு அருவி, பக்கத்தில் கோமதியின் முகம். அவர் அதையும் பார்த்தார், பேசாமல் நிற்கிற என்னையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மாற்று ஏற்பாடு என்ன என்ற கட்டமும் அந்தப் படிவத்தில் இருந்தது. அதில் வாளி என்று எழுதியிருந்தேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முறை பெட்டியில் முதலில் வைத்தது ஆரஞ்சு அட்டைதான். தண்ணீர் கூடினாலும் கூடும். நேற்று தாரணி ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ரொம்பக் குளிருமா என்று கேட்டாள். நான் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

இன்று காலை செண்பகம் போன் செய்தாள். அன்று தோளில் போட்ட துண்டைக் கோமதி மடித்து வைக்க விடவில்லையாம். துவைக்கவும் விடவில்லையாம். வாசல் கதவுக் கொண்டியில், கைக்கு எட்டுகிற உயரத்தில், அப்படியே தொங்குகிறதாம்.